இணையக் கடைக்கு வரும் கிரெடிட் கார்டு மோசடி: இராமநாதபுரம் கடற்கரை விற்பனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி முதல் நரிப்பையூர் வரை கருவாடு, கருப்பட்டி, குண்டு மிளகாய், பனையோலைப் பொருள்கள், சங்கு வளையல், முத்து மாலை ஆகியவற்றை இணையத்தில் விற்கும் சிறு கடைக்காரர்கள் கார்டு மோசடியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன.

எங்களுடையது வீட்டோடு சேர்ந்த சிறிய கடை. எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

கடை பெரியதா சிறியதா என்று பார்த்து மோசடிக்காரர் வருவதில்லை. திருடப்பட்ட கார்டு எண்களைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன. அந்த எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு பேமென்ட் பக்கம் வேண்டும். கார்டுக்குரியவர் விவரம் தெரிந்து கார்டை முடக்குவதற்குள், விற்றுக் காசாக்கக்கூடிய ஒரு சரக்கு வேண்டும். முதல் தேவைக்கு எந்தக் கடையும் போதும்; பெரிய நிறுவனங்களில் மோசடியைக் கண்காணிக்கத் தனிப் பிரிவே இருப்பதால், அப்படி யாரும் இல்லாத சிறு கடைதான் அவர்களுக்கு வசதி. இரண்டாவது தேவைக்கு எடை குறைவாகவும் விலை அதிகமாகவும் உள்ள சரக்கு வேண்டும் என்பதால், கருவாடு விற்பவரைவிட முத்து மாலையும் சங்கு நகையும் விற்பவர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

பணம் செலுத்தும்போது ஓ.டி.பி. கேட்கிறதே? பிறகு எப்படி மோசடி நடக்கும்?

இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டைக் கொண்டு இணையத்தில் பணம் செலுத்தும்போது, கார்டில் அச்சிடப்பட்ட விவரங்களைத் தவிர இன்னொரு சரிபார்ப்பும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. நாம் பழகிவிட்ட ஓ.டி.பி. அந்த விதியிலிருந்து வந்ததுதான். இந்திய கார்டுகளைப் பொறுத்தவரை, எண்ணை மட்டும் திருடி வைத்திருப்பவரால் உங்கள் கடையில் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டு வங்கி வழங்கிய கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்க கார்டுகள் பலவற்றில் கார்டு எண், காலாவதி மாதம், சி.வி.வி. (கார்டில் அச்சிடப்பட்டிருக்கும் சிறு இரகசிய எண்) ஆகிய மூன்றும் இருந்தாலே பணம் வந்துவிடும். ஐரோப்பிய நாடுகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு சட்டத்திலேயே இருந்தாலும், அதற்கும் விலக்குகள் உண்டு. ஆகவே, உங்கள் கேட்வேயில் (கார்டுப் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் நிறுவனம்) சர்வதேச கார்டுகளை ஏற்கும் வசதியை இயக்கிய நாளிலிருந்து, ஓ.டி.பி. என்ற காவல் இல்லாத ஆர்டர்களும் உங்களிடம் வரத் தொடங்குகின்றன என்று கொள்ள வேண்டும்.

இந்திய கார்டிலும் ஒரு வழி இருக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி கார்டுக்குரியவரிடமே ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டு உங்கள் கடையில் பொருள் வாங்குவார்கள். பரிவர்த்தனை எல்லா வகையிலும் சரியாகவே தெரியும். பாதிக்கப்பட்டவர் காவல் துறையில் புகார் செய்யும்போதுதான் உங்கள் கடையின் பெயர் வெளியே வரும்.

சார்ஜ்பேக் என்றால் என்ன? வங்கி கொடுத்த பணத்தை வங்கியே திரும்ப எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்ளும். கார்டுக்குரியவர் தம் வங்கியிடம் “இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை” என்றோ, “பொருள் வந்து சேரவில்லை” என்றோ முறையிட்டால், அந்தத் தொகை கேட்வே வழியாக உங்கள் கணக்கிலிருந்து திரும்பப் பெறப்படும். விசா கார்டில் இப்படி முறையிடப் பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கிறது. அதாவது சித்திரையில் அனுப்பிய பார்சலுக்கான முறையீடு ஆடியில் வந்து சேரலாம். அதற்குள் சரக்கு போயிருக்கும், கூரியர் கட்டணம் போயிருக்கும். அவற்றோடு விற்ற தொகையும் போய், பல கேட்வேக்களில் சார்ஜ்பேக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் பிடிக்கப்படும்.

இந்த இழப்பை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிப்பது 3டி செக்யூர் என்னும் சரிபார்ப்பு முறை. ஓ.டி.பி. போன்ற சரிபார்ப்பு இந்த முறையில் வெற்றிகரமாக முடிந்திருந்தால், “நான் செய்யவில்லை” என்ற வகை முறையீட்டின் இழப்பு பெரும்பாலும் கார்டு வழங்கிய வங்கியின் தலையில் விழும். சரிபார்ப்பு நடக்காத பரிவர்த்தனையில் இழப்பு உங்களுடையது. உங்கள் கேட்வேயின் டேஷ்போர்டில் (பரிவர்த்தனை விவரங்களைக் காட்டும் பக்கம்) ஒவ்வொரு சர்வதேசப் பரிவர்த்தனைக்கும் இந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். விசாவில் 05 என்ற குறியீடும் மாஸ்டர்கார்டில் 02 என்ற குறியீடும் சரிபார்ப்பு முழுமையாக நடந்ததைக் காட்டும். விசாவில் 07, மாஸ்டர்கார்டில் 00 என்று இருந்தால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று பொருள்.

பொருள் வரவில்லை, பழுதாக வந்தது, படத்தில் கண்டது வேறு, வந்தது வேறு என்ற முறையீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஓ.டி.பி. உதவாது, அனுப்பியதற்கான சான்றுதான் உதவும்.

அப்படியானால் வெளிநாட்டு கார்டுகளையே நிறுத்திவிடலாமா?

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வராத கடை தாராளமாக நிறுத்திவிடலாம். அதுவே மிக எளிய பாதுகாப்பு. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி ஆகிய ஊர்களைச் சுற்றி விற்பவர்களுக்கு வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களே முக்கியமான வாடிக்கையாளர்கள். அவர்களை இழந்து மோசடியைத் தடுப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

இடையில் ஒரு வழி இருக்கிறது. சர்வதேச கார்டுகளுக்கு 3டி செக்யூர் சரிபார்ப்பு நடந்தால் மட்டுமே பணத்தை ஏற்கும்படி அமைத்துத் தர முடியுமா என்று உங்கள் கேட்வேயிடம் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள வங்கிகள் இந்த முறையைப் பரவலாகப் பயன்படுத்துவதால், அங்கிருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதனால் பெரிய தொந்தரவு இருக்காது. அமெரிக்க கார்டு வைத்திருக்கும் சிலருடைய ஆர்டர் தடைபடக்கூடும். அவர்களுக்கு வங்கிப் பரிமாற்றம் போன்ற வேறு வழியைச் சொல்லலாம்.

சந்தேகத்துக்குரிய ஆர்டரை எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் கேள்விக்குப் பிற நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே எடுத்துக்கொண்டால், நல்ல வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திருடனுக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருப்போம். கார்டின் நாடும் பொருள் போகும் நாடும் வேறாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஆனால் ஷார்ஜாவில் வேலை செய்யும் மகன் அங்குள்ள வங்கியின் கார்டில் பணம் செலுத்தி, கீழக்கரையில் இருக்கும் தாயாரின் வீட்டுக்குக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் அனுப்பச் சொல்வது இந்தக் கரையில் அன்றாட நிகழ்ச்சி. கார்டு ஒரு நாட்டில், முகவரி இன்னொரு நாட்டில், தொலைபேசி எண் மூன்றாவது ஆளுடையது என்று எல்லாம் முரணாகத் தெரிந்தாலும், அந்த ஆர்டரில் ஆபத்து மிகக் குறைவு. திருடனுக்கு வேண்டியது தன் கைக்கு வந்து சேரும் சரக்கு. கூரியர் கொண்டுபோய்க் கொடுப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு வீட்டுக்கு அவன் பொருளை அனுப்பிவைக்க மாட்டான். ஆகவே கார்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, சரக்கு எங்கே போகிறது, அங்கே அதை வாங்கப்போவது யார் என்பதை முதலில் பாருங்கள்.

நள்ளிரவு ஆர்டரும் அப்படித்தான். நமக்கு இரவு 2 மணி என்றால் துபாயில் 12.30 மணி, அமெரிக்காவில் மாலையோ பிற்பகலோ. நேரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய ஆர்டர் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முத்து மாலை விற்கும் ஒரு கடைக்கு, இதற்கு முன் எதுவும் வாங்காத ஒருவர் ஒரே வகை மாலையில் பன்னிரண்டு கேட்கிறார். நீளம், நிறம், முத்தின் தரம் எதைப் பற்றியும் ஒரு கேள்வியும் இல்லை. டேஷ்போர்டைத் திறந்தால், அந்த ஆர்டருக்கு முன் பத்து நிமிடத்துக்குள் மூன்று வேறு கார்டுகள் தோல்வியடைந்து, நான்காவது கார்டில் பணம் ஏறியிருக்கிறது. நான்கும் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்தவை. கார்டில் உள்ள பெயரும் பொருளைப் பெறுபவரின் பெயரும் வேறு. முகவரியோ, சரக்கை வாங்கி வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஒரு கிடங்கின் முகவரி. அஞ்சல் செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை, மிக விரைவான வழியில் அனுப்புங்கள் என்கிறார். பணம் செலுத்திய ஒரு மணி நேரத்துக்குள் “அனுப்பியாகிவிட்டதா, டிராக்கிங் எண் என்ன” என்று இரண்டு முறை கேட்டுவிடுகிறார். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்குச் சாதாரணமான காரணம் இருக்கலாம். மூன்று நான்கு ஒன்றாகச் சேர்ந்து வந்தால் சரக்கைக் கட்ட வேண்டாம்.

இவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, தோல்வியடைந்த கார்டுகளின் வரிசையைத்தான். தம் சொந்தக் கார்டை வைத்திருப்பவர் எண்ணைத் தவறாகத் தட்டினால் அதே கார்டை மறுபடி முயல்வார். கையில் பட்டியல் வைத்திருப்பவர்தான் கார்டு மாற்றிக் கார்டாக முயன்றுகொண்டே போவார். பெரும்பாலான கடைக்காரர்கள் வெற்றியடைந்த பரிவர்த்தனைகளை மட்டும் பார்க்கிறார்கள். தோல்விப் பட்டியலையும் திறந்து பாருங்கள்.

சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?

முதலில், பொறுத்திருங்கள். பணம் வந்ததற்கும் பார்சல் கடையை விட்டுப் போவதற்கும் இடையில் உள்ள நேரம் மட்டுமே முழுமையாக உங்கள் கையில் இருக்கிறது. சரக்கு போன பிறகு எல்லாம் பிறர் கையில். புதிய வாடிக்கையாளர், சரிபார்ப்பு நடக்காத வெளிநாட்டு கார்டு, பெரிய தொகை ஆகிய மூன்றும் சேர்ந்த ஆர்டரை ஒன்றிரண்டு நாள் நிறுத்திவைப்பது என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு, அந்த விதியைத் தளத்திலும் வெளிப்படையாகத் தெரிவித்துவிடுங்கள். பல கேட்வேக்களில் பணத்தை உடனே எடுத்துக்கொள்ளாமல் வங்கியின் அனுமதியை மட்டும் பெற்று வைத்து, நீங்கள் உறுதிசெய்த பிறகு எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. விலை உயர்ந்த சரக்குக்கு அதைப் பயன்படுத்துவது நல்லது.

பிறகு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “ஆர்டருக்கு நன்றி, மாலையின் நீளத்தை உறுதிசெய்துகொள்ள அழைத்தோம்” என்று தொடங்கினால் போதும். உண்மையான வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பேசுவார். பேச மறுத்து எழுத்தில் மட்டும் அவசரப்படுத்துபவரிடம், வேறு வழியில் பணம் செலுத்தக் கேட்டுக்கொண்டு, வந்த தொகையை அதே கார்டுக்கே திருப்பிவிடுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கார்டுகளுக்கு, கொடுத்த முகவரியும் வங்கியில் உள்ள முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வசதி சில கேட்வேக்களில் இருக்கிறது. இந்திய கார்டுகளுக்கு அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திருடனுக்குப் போலிப் படம் தயாரிப்பது கடினமல்ல. நல்ல வாடிக்கையாளருடைய கார்டின் முழு விவரமோ உங்கள் கைப்பேசியில் தங்கிவிடும்.

வாடிக்கையாளர் கூடுதலாகப் பணம் செலுத்திவிட்டு, மிச்சத்தைச் சரக்கு ஏஜென்டுக்கு அனுப்பச் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. இது பல நாடுகளில் நடந்துவரும் பழைய மோசடி. மொத்தமாகக் கருவாடோ மிளகாயோ கேட்டு, தம்முடைய ஏஜென்ட் வந்து எடுத்துக்கொள்வார் என்றும், அந்த ஏஜென்டிடம் கார்டு வசதி இல்லாததால் அவருக்குரிய தொகையையும் சேர்த்துக் கார்டில் செலுத்துவதாகவும், நீங்கள் அதை யு.பி.ஐ. அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலம் அவருக்கு அனுப்பிவிடுமாறும் சொல்வார்கள். சில வாரங்களில் கார்டுப் பணம் முழுவதும் சார்ஜ்பேக் ஆகிவிடும். ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணமாக மாறியிருக்கும். பல நேரங்களில் சரக்கை எடுக்க யாரும் வருவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சரக்கு தேவையே இல்லை.

கார்டில் வந்த பணம் அதே கார்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். வேறொரு கணக்குக்கு, வேறொரு கார்டுக்கு, வேறொரு நபருக்கு என்று யார் எந்தக் காரணம் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சிறு தொகைப் பரிவர்த்தனைகள் தோல்வி என்று காட்டுகிறது. எங்கள் தளம் பழுதாகிவிட்டதா?

பழுது இல்லை, உங்கள் பேமென்ட் பக்கத்தைக் கார்டு சோதிக்கும் இடமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தானியங்கி நிரல், உங்கள் கடையில் விலை மிகக் குறைந்த பொருளை, உதாரணமாக 49 ரூபாய் பனையோலைச் சாவிக்கொத்தை, கூடையில் போட்டு, திருடிய கார்டு எண்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். வெற்றி பெற்ற எண்கள் பிறகு வேறெங்கோ பெரிய தொகைக்குப் பயன்படும். உங்களுக்கு வரும் தீங்கு என்னவென்றால், தோல்விகள் குவிவதால் உங்கள் கடையின் மீது கேட்வேக்கும் வங்கிகளுக்கும் நம்பிக்கை குறைந்து, நல்ல வாடிக்கையாளரின் கார்டும் மறுக்கப்படத் தொடங்கும். வெற்றியடைந்த சிறு தொகைகளோ ஒவ்வொன்றும் ஒரு சார்ஜ்பேக்காகத் திரும்பி வரக்கூடும்.

பேமென்ட் பக்கத்துக்கு முன் கேப்சா (வருவது மனிதரா நிரலா என்று பார்க்கும் சோதனை) வையுங்கள். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்தும் ஒரே மின்னஞ்சலிலிருந்தும் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முயற்சிகள் மட்டும் என்று வரம்பு கட்டுங்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது சர்வதேச கார்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கேட்வேயின் உதவிப் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். அந்த நேரத்தில் வெற்றி பெற்ற சிறு தொகைகளை, முறையீடு வருவதற்கு முன்பே நீங்களாகத் திருப்பிக் கொடுத்துவிடுவது இலாபம்.

வயதான வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் கார்டு எண்ணை அனுப்பி, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மறுப்பது மரியாதையாக இருக்குமா?

மறுக்கத்தான் வேண்டும், கனிவாக மறுக்க வேண்டும். பேமென்ட் லிங்க் ஒன்றை அனுப்பி, தொலைபேசியிலேயே படிப்படியாகச் சொல்லிக்கொடுங்கள். வந்த கார்டு விவரத்தை உடனே அழித்துவிட்டு, அழித்ததை அவர்களிடமும் சொல்லுங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கும் வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர, பரிவர்த்தனைத் தொடரில் உள்ள வேறு யாரும் முழுக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாகத்தான் டோக்கன் முறை வந்தது. கார்டு எண்ணுக்கு மாற்றாக ஒரு தனிக் குறியீடு உருவாக்கப்படும். அது திருடு போனாலும் வேறு கடையில் பயன்படாது. சி.வி.வி.யைப் பொறுத்தவரை, பரிவர்த்தனைக்கு அனுமதி கிடைத்த பிறகு அதை எந்தக் கடையும் எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரவிதி. குறிப்பேடு, எக்செல் கோப்பு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அதில் அடங்கும்.

கடையின் தளத்தில் நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கார்டு விவரத்தை வாடிக்கையாளர் தட்டும் பக்கம் உங்கள் சர்வரில் இருக்கக் கூடாது. கேட்வே நிறுவனமே நடத்தும் பேமென்ட் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டால், கார்டு எண் உங்கள் தளத்தைத் தொடவே தொடாது. ஆனாலும், உங்கள் தளத்துக்குள் நுழைந்துவிட்ட ஒருவர், அந்தப் பக்கத்துக்கு அனுப்பும் இணைப்பையே மாற்றிப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். அல்லது, கார்டு எண்ணைத் தட்டும் பக்கம் உங்கள் தளத்திலேயே இருந்தால், அதில் ஒரு சிறு ஸ்கிரிப்டை (நிரல் துண்டை) ஒட்டவைத்து, தட்டப்படும் எண்களைத் தமக்கு அனுப்பிக்கொள்ளலாம். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தளத்தில் இரண்டாவது வகையில்தான் வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் களவு போயின.

ஆகவே தளத்தின் மென்பொருளையும் பிளக்இன்களையும் (அதில் சேர்க்கும் துணை நிரல்கள்) புதுப்பித்து வைத்திருங்கள். பயன்படுத்தாத பிளக்இன்களை நீக்கிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று உரிமச் சோதனை நீக்கப்பட்ட திருட்டுத் தீம்களை (தளத்தின் வடிவமைப்புத் தொகுப்புகள்) நிறுவாதீர்கள். தளத்தின் நிர்வாகக் கணக்குக்கும் கேட்வே டேஷ்போர்டுக்கும் ஆளுக்கொரு தனி லாகினும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். தளத்தை அமைத்துத் தந்தவரின் லாகின், வேலை முடிந்த பிறகும் பல கடைகளில் அப்படியே கிடக்கிறது. இன்றே திறந்து பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கடையில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

சார்ஜ்பேக் அறிவிப்பு வந்துவிட்டது. வாதிட்டு வெல்ல முடியுமா?

சில நேரங்களில் முடியும். முதலில் அறிவிப்பில் உள்ள காரணக் குறியீட்டைப் பாருங்கள். விசாவில் 10.4, மாஸ்டர்கார்டில் 4837 என்று இருந்தால், கார்டுக்குரியவர் தாம் வாங்கவே இல்லை என்கிறார் என்று பொருள். சரிபார்ப்பு நடந்ததற்கான பதிவு உங்களிடம் இருந்தால் அதையே முதல் சான்றாக வையுங்கள். சரிபார்ப்பும் இல்லை, பொருளும் தெரியாத முகவரிக்குப் போயிருக்கிறது என்றால், வாதிடும் உழைப்பை மிச்சப்படுத்திக்கொண்டு ஏற்றுக்கொள்வதே பெரும்பாலும் நல்லது.

பொருள் வரவில்லை என்ற முறையீட்டில் வெல்வதும் தோற்பதும், பார்சல் கட்டிய நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மண்டபம் பக்கம் கருவாடு விற்கும் ஒரு குடும்பம் பின்பற்றும் முறை எனக்குப் பிடித்தமானது. நெத்திலியும் சீலாவும் வாசனை வெளியே வராதபடி உறையிட்டு முடிந்ததும், பெட்டியைத் தராசில் வைத்து, முகவரிச் சீட்டும் எடை காட்டும் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி கைப்பேசியில் எடுக்கிறார்கள். ஆர்டர் எண்ணைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதால் அதுவும் படத்தில் விழுந்துவிடுகிறது. அஞ்சல் நிலையத்தில் தரும் ரசீதிலும் எடை அச்சாகியிருக்கும். இரண்டு எடைகளும் ஒத்துப்போனால், வெறும் பெட்டி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் அதன் எண்ணிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து, இந்தப் படம், ரசீது, டிராக்கிங் விவரம், பொருள் சேர்ந்ததற்கான பதிவு, வாடிக்கையாளரோடு நடந்த உரையாடல், ஐ.பி. முகவரி ஆகியவற்றை அதில் சேர்த்துவைக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து அறிவிப்பு வரும்போது டிராக்கிங் விவரம் கூரியர் தளத்தில் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆகவே அதை அன்றே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில் அளிக்கக் கேட்வே தரும் காலக்கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். தவறினால் தோல்வி என்றே பொருள். முறையீடு பதிவான பிறகு வாடிக்கையாளருக்குத் தனியாகப் பணத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். சார்ஜ்பேக்கும் நடந்து, நீங்கள் திருப்பியதும் போய்ச் சேர்ந்தால், ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் இழப்பீர்கள்.

உண்மையாகவே வாங்கிய வாடிக்கையாளரே “நான் வாங்கவில்லை” என்கிறார். இது எப்படி?

எல்லாரும் ஏமாற்றும் எண்ணத்தோடு அப்படிச் சொல்வதில்லை. கார்டு அறிக்கையில் உங்கள் கடையின் பெயர் வராமல், பதிவு செய்த உரிமையாளரின் பெயரோ வேறொரு சுருக்கப் பெயரோ வந்தால், வாங்கியவருக்கே அது என்னவென்று புரிவதில்லை. கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். அறிக்கையில் எந்தப் பெயர் அச்சாகிறது என்று கேட்வேயிடம் கேட்டு, கடையின் பெயர் வரும்படி மாற்றச் சொல்லுங்கள். பணம் பெற்றதும் அனுப்பும் மின்னஞ்சலில் அந்தப் பெயரைக் குறிப்பிடுங்கள்.

நம் கரைக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாட்டு இருப்பு குறைந்து, அனுப்பத் தாமதமாகும். வெளியூர் வாடிக்கையாளருக்கு இந்தத் தடைக்காலம் தெரியாது. தொலைபேசியை எடுக்காத கடையைவிட வங்கியிடம் முறையிடுவது அவர்களுக்கு எளிது. அந்த இரண்டு மாதங்களில் இருப்பு இல்லாத பொருளுக்குப் பணம் வாங்காதீர்கள். முன்பதிவு வாங்கினால், எந்தத் தேதிக்குள் அனுப்பப்படும் என்பதைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வேண்டுமென்றே ஏமாற்றும் பழைய வாடிக்கையாளர் விசா கார்டில் வாங்கியிருந்தால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு விதி உதவும். அதே கார்டில் முறையீடு இல்லாமல் முடிந்த முந்தைய பரிவர்த்தனைகள் இரண்டை, 120 நாளுக்கும் 365 நாளுக்கும் இடைப்பட்ட காலத்தவையாகக் காட்டி, அவற்றிலும் இப்போதைய ஆர்டரிலும் ஐ.பி. முகவரி அல்லது சாதன அடையாளம் ஒன்றாக இருப்பதோடு, வாடிக்கையாளர் கணக்கோ பொருள் அனுப்பிய முகவரியோ ஒத்துப்போவதையும் நிறுவினால், 10.4 வகை முறையீட்டின் பொறுப்பு மீண்டும் வங்கிக்குச் செல்லும். வாடிக்கையாளரைக் கணக்கு தொடங்கி வாங்கச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும்.

கார்டையே விட்டுவிட்டு யு.பி.ஐ. மட்டும் வைத்துக்கொண்டால்?

சார்ஜ்பேக் தொல்லை வெகுவாகக் குறையும். போலி ஸ்கிரீன்ஷாட் தொல்லை வரும். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைப் பார்த்துச் சரக்கு அனுப்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்து அனுப்புங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைத் தட்டத் தேவையே இல்லை என்பதைக் கடையில் இருக்கும் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காவல் துறையில் எங்கே, எப்படிப் புகார் செய்வது? எங்கள் கணக்கே முடக்கப்பட்டால் என்ன செய்வது?

உங்கள் பணம் போயிருந்தால், 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, இராமநாதபுரம் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தை அணுகுங்கள். ஏஜென்டுக்கு அனுப்பச் சொன்ன வகை மோசடியில் முதல் சில மணி நேரங்களே முக்கியமானவை. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இன்னொரு பக்கமும் நடக்கலாம். ஏமாற்றி வாங்கிய ஓ.டி.பி.யைக் கொண்டு உங்களிடம் யாரோ பொருள் வாங்கியிருந்தால், பாதிக்கப்பட்டவரின் புகாரின் பேரில், வேறு மாநிலக் காவல் துறையின் வேண்டுகோளால் உங்கள் கணக்கில் அந்தத் தொகையோ, சில நேரம் முழுக் கணக்குமோ நிறுத்திவைக்கப்படலாம். பதற வேண்டாம், தலைமறைவாகவும் வேண்டாம். வங்கிக் கிளையில் புகார் எண்ணையும் விசாரிக்கும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்த ஆர்டரின் பில், பார்சல் படம், அனுப்பிய ரசீது, பொருள் சேர்ந்த பதிவு, பெற்றவரின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை இணைத்து, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதிக் கணக்கை விடுவிக்குமாறு விசாரணை அலுவலருக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். பொருளைப் பெற்றவரின் முகவரி அவர்களுக்கும் தேவையான துப்பு என்பதால், முழு விவரத்தோடு எழுதப்பட்ட கடிதத்துக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடைக்கு வரும் பணத்துக்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்திருந்தால், இப்படி ஒரு முடக்கம் வந்தாலும் வீட்டுச் செலவுக்கான கணக்கு அதில் சிக்காது.